தூங்கும் கம்பெனியின் மைக்செட் உபயம்

அல்லிநகரம், தேனி
ஜூன் 14

அன்பு மகள் அபிதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் இடது முழங்காலைத் தவிர. அதற்கும் போடியிலிருந்து ஒரு எண்ணெய் வந்திருக்கிறது, அதனால் அதையும் சௌக்கியத்தில் சேர்த்துக்கொள்ளலாம். நீ சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

முதலில் முக்கியமான செய்தி. நமது சுருளிச்சாரல் பன்னீர் திராட்சை புராடக்ட்ஸ் பிரைவேட் லிமிடெட்டின் இயக்குநர் குழு சென்ற மாதம் நம் வீட்டு முன்னறையில் கூடி, நெடிய விவாதத்துக்குப் பிறகு, இனிவரும் கூட்டங்களில் டீக்குப் பதிலாகச் சுக்குமல்லிக் காபி பரிமாறுவது என்று ஏகமனதாக முடிவு செய்திருக்கிறது. இதன் விளைவுகளை அப்பா எல்லாக் கோணத்திலும் யோசித்துவிட்டார். நீயும் அந்தக் கூட்டத்தில் இருந்தாய், ஆனால் ஓட்டெடுப்பு நடந்த நேரத்தில் போனில் உன் படம் வாய் திறந்தபடி அப்படியே நின்றுபோயிருந்தது. அதை உன் சம்மதமாக எடுத்துக்கொண்டு அப்பா மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிவிட்டார். தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவர், வழிமொழிந்தவரும் அவர், காபி போட்டது நான். என் பெயர் மினிட்ஸில் இல்லை, ஏனென்றால் அன்றைய தேதியில் நான் கம்பெனியில் யாருமில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று நீ கேட்பாய். உன் புது அலுவலகம் கேட்ட அசல் காகிதங்களைக் கூரியரில் அனுப்புகிறேன், அரைக் கிலோ வரைக்கும் ஒரே கட்டணம் என்று கடைக்காரர் சொன்னார், காகிதமோ நூறு கிராம்கூட வரவில்லை. மிச்ச எடைக்குக் கடிதம் எழுதுகிறேன். தவிரவும் அப்பா உனக்கு எல்லாம் முடிஞ்சுருச்சு பாப்பா என்று மூன்று வார்த்தையில் சொல்லி முடித்திருப்பார். நடந்தது அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

நீ நியூசிலாந்துக்கு, வெலிங்டனுக்குக் கிளம்பும் முன் கம்பெனியைத் தூங்க வைத்துவிட்டுப் போனாய். திராட்சை ஸ்குவாஷ் போடுகிறோம் என்று நீயும் அப்பாவும் ஆரம்பித்தது, முதல் தடவை போட்ட பாட்டில்கள் தோட்டத்துக் கொட்டகையில் ஒவ்வொன்றாக மூடியைத் தூக்கி எறிந்தது, அதன் பிறகு உனக்கு அங்கே படிக்க இடம் கிடைத்தது, இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. மூடவும் மனமில்லாமல் நடத்தவும் ஆளில்லாமல் இருக்கிற கம்பெனிக்கு டார்மன்ட் என்று ஒரு நிலை உண்டு, தூங்குவதாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று ஆடிட்டர் சுந்தரலிங்கம் யோசனை சொன்னபோது நாம் எல்லோரும் நிம்மதியடைந்தோம். மனிதர் தூங்கினால் சும்மா இருக்கலாம், கம்பெனி தூங்கினால் அப்படி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வருமானம் இல்லை என்று வருமான வரிக்கு ஒரு ரிட்டர்ன். தூங்கிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று கம்பெனிப் பதிவாளருக்கு வருடத்துக்கு ஒரு ரிட்டர்ன். ஒன்றும் நடக்கவில்லை என்பதை ஆடிட்டர் தணிக்கை செய்து, ஆமாம், ஒன்றும் நடக்கவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அரையாண்டுக்கு ஒரு தடவை இயக்குநர்கள் கூடி, ஒன்றும் நடக்காததைப் பற்றிப் பேசி, பேசியதை எழுதி வைக்க வேண்டும். நான் ஹைஸ்கூலில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஒன்றுமே நடக்காத ஒரு காலத்தைப் பற்றி இத்தனை ஆவணம் எந்த ராஜாவும் விட்டுவிட்டுப் போனதில்லை.

இந்தக் கூட்டங்களில் அப்பாவுக்கு இருக்கும் ஈடுபாடு உனக்குத் தெரியும். சாதாரண நாளில் நீ கூப்பிட்டால் சாப்பிட்டாயா, அங்கே மழையா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் இந்தா அம்மாட்டப் பேசு என்று போனை என் கையில் திணித்துவிடுவார். போர்டு மீட்டிங் அன்றைக்கு மட்டும் சுருளிப்பட்டித் தோட்டத்துக்குப் போக மாட்டார். குளித்து, கல்யாண வீட்டுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, போனை எவர்சில்வர் சொம்பில் சாய்த்து நிறுத்தி, பதினொரு மணி எப்போது ஆகும் என்று உட்கார்ந்திருப்பார். முதல் பொருள் போன கூட்டத்து மினிட்ஸ், இரண்டாவது பொருள் கணக்கு, இரண்டும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்றாவது பொருள் தலைவர் அனுமதியுடன் பிற விஷயங்கள். தலைவர் அப்பா, அனுமதிக்குக் குறைவில்லை. அதன் கீழ் கவாத்து வெட்டியது, சாம்பல் நோய்க்கு மருந்தடித்தது, கிணற்றில் எத்தனை அடி தண்ணீர், நீ இருக்கும் வீட்டில் ஜன்னல் வழியாகக் காற்று வருவது, அதற்கு என்ன அடைக்கலாம் எல்லாம் விவாதத்துக்கு வரும். ஒரு தடவை நீ வேலை இருக்கிறது என்று எழுந்தபோது, கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் குறைந்தது இரண்டு டைரக்டர் உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்குக் கோரம் என்று பெயர், நீ எந்திரிச்சுட்டா கோரம் போயிரும் பாப்பா என்று சட்டம் பேசி உன்னை இன்னும் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார். அந்த முக்கால் மணி நேரத்துக்கு மினிட்ஸில் ஒரு வரிகூட இல்லை.

சித்திரையில் உன் செய்தி வந்தது. உணவுப் பொருளின் தரம் பார்க்கிற அரசு வேலை, ஜூலை முதல் தேதி சேர வேண்டும், சேருகிறவர் எந்த உணவுக் கம்பெனியிலும் டைரக்டராக இருக்கக் கூடாது, அதற்கு அசல் காகிதம் காட்ட வேண்டும். நியாயமான விதிதான். ஆனால் நீ டைரக்டராக இருக்கும் உணவுக் கம்பெனி இதுவரை தயாரித்ததெல்லாம் கொட்டகைச் சுவரில் கறையாக மட்டுமே இருக்கிறது என்பதை அவர்களுக்கு விளக்க முடியாது. நீ கம்பெனியையே மூடிவிடலாம் என்று சொன்னாய். அப்பா உடனே மூடிருவோம் பாப்பா, அதுக்கென்ன என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். அன்றைக்குத் தோட்டத்தில் வேலை எதுவும் இல்லை. நான் ஆடிட்டருக்குப் போன் செய்தேன். கடன் கிடையாது, சொத்து கிடையாது, இரண்டு வருடமாக நடமாட்டம் கிடையாது, பதிவிலிருந்து பெயரை நீக்கச் சொல்லி விண்ணப்பித்தால் தானாக முடிந்துவிடும், பேங்க் ஸ்டேட்மென்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றார். அந்த ஸ்டேட்மென்ட்டில்தான் போன வருடம் வைகாசியில் ஒரு செக் பாஸாகியிருந்தது.

இப்போது போன வருடத்துக் கதையைச் சொல்ல வேண்டும். சுருளிப்பட்டி அம்மன் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கும் முன் உன் சித்தப்பா கருத்தக்கண்ணன் விழாக் கமிட்டி சார்பில் வீட்டுக்கு வந்தார். கையில் நோட்டீஸின் மாதிரி. வாணவேடிக்கை உபயம் என்று உரக்கடைத் தங்கப்பாண்டியனின் ஏஜென்சி பெயர், போட்டோவோடு, தனிக் கட்டத்தில், அம்மன் படத்துக்கு அடுத்த பெரிய எழுத்தில் இருந்தது. நம் அப்பா வருடா வருடம் கொடுக்கிறவர்தான், ஆனால் மற்றும் உபயதாரர்கள் என்ற தலைப்பின் கீழ் எறும்பு வரிசையாகப் போகும் பெயர்களில் ஒருவர். இந்த வித்தியாசத்தைக் கருத்தக்கண்ணன் சுட்டிக்காட்டினார். ஆள் பேருக்கு ஒரு வரிதேன்ணே, கம்பெனி பேருன்னாத் தனிக் கட்டம், நம்ம பாப்பா கம்பெனி சும்மாதான கெடக்கு என்றார். கம்பெனி பெயர் போட வேண்டுமானால் கம்பெனி செக்தான் தர வேண்டும் என்பதும் அவர் சொன்ன சட்டம்தான். கம்பெனி சம்பந்தமாக அப்பா ஒரு கேள்வியும் கேட்காமல் கடைப்பிடித்த சட்டம் அது ஒன்றுதான். பீரோவில் என் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்த செக் புத்தகம் வெளியே வந்தது. ஒலி ஒளி உபயம், சுருளிச்சாரல் பன்னீர் திராட்சை புராடக்ட்ஸ் பிரைவேட் லிமிடெட், நிர்வாக இயக்குநர் செல்வி சீ. அபிதா, நியூசிலாந்து என்று நோட்டீஸ் வந்தது. நியூசிலாந்து என்பது மட்டும் சிவப்பு மை. மூன்று நாள் தென்னைக்குத் தென்னை ஸ்பீக்கர் கட்டி, இந்த நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குவோர் என்று அரைமணிக்கு ஒரு தடவை கம்பெனி பெயரைச் சொன்னார்கள். அப்பா பந்தலில் ஸ்பீக்கருக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நோட்டீஸைப் படம் எடுத்து உனக்கும் அனுப்பினார், நீ கைதட்டும் படம் போட்டுப் பதில் அனுப்பினாய். அதை நான் ஆடிட்டரிடம் சொல்லவில்லை.

நோட்டீஸைப் படித்தவர் வேறொருவரும் உண்டு. திருவிழா முடிந்த கையோடு தொழில் வரி கேட்டு நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். மூன்று நாள் மைக்செட்டுக் கட்டுகிற கம்பெனி இந்த முகவரியில் இருந்தும் அரையாண்டு வரி எதுவும் கட்டவில்லையே என்பது அவர் சந்தேகம். தொழிலே நடக்கவில்லை என்றேன். அப்படியானால் தொழில் நடக்கவில்லை என்று ஒரு மனு கொடுங்கள் டீச்சர், வெள்ளைத் தாளில் வேண்டாம், கம்பெனி லெட்டர்பேடில் சீல் வைத்துக் கொடுங்கள் என்றார். லெட்டர்பேடு அச்சடித்து, சீல் செய்து, நாங்கள் இல்லை என்று எழுதிக் கொடுத்தோம். கம்பெனி தன் பெயரில் அனுப்பிய முதல் வியாபாரக் கடிதம் அதுதான்.

சரி, செக்குக்கு வருகிறேன். நானும் அப்பாவும் பெரியகுளம் ரோட்டில் ஆடிட்டர் மாடிக்குப் போனோம். சுந்தரலிங்கம் ஸ்டேட்மென்ட்டையும் நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம், "அக்கா, கம்பெனி தூங்குதுன்னு நம்ம எழுதிக் குடுத்திருக்கோம். தூங்குறவுக மைக்செட்டுப் போட்டிருக்காக" என்றார். தூங்கும் கம்பெனி பதிவாளருக்குக் கட்டணம் கட்டலாம், சட்டம் கேட்கிற செலவைச் செய்யலாம், ஆபீஸைப் பெருக்கித் துடைக்கலாம், அதற்கு மேல் கணக்கில் ஒன்றும் அசையக் கூடாது என்று விளக்கினார். அப்பாவுக்கு இது ஒப்பவில்லை, சாமிக்குச் செஞ்சது யாவாரமா தம்பி என்று கேட்டார். வியாபாரம் இல்லைதான் அண்ணே, வாதாடலாம், வாதாடினால் நாம்தான் ஜெயிப்போம், ஆனால் ஜெயிக்கிறதுக்குள் ஜூலை போய் அடுத்த ஜூலையும் வந்துவிடும், அதற்குள் பாப்பாவின் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று ஆடிட்டர் சொன்னார். அந்த ஒரு வரியைக் கவனிக்காதது போல் மூடிவிட முடியாதா என்று அப்பா மெதுவாகக் கேட்டார். அதற்கு அவர், மூடுகிறதற்கு ஸ்டாம்ப் பேப்பரில் சத்தியப் பிரமாணம் வேண்டும் என்று சொல்லிவிட்டு, "அம்மனுக்குச் செஞ்சுட்டு, ஒண்ணுஞ் செய்யலேன்னு சத்தியம் பண்ணுவீகளாண்ணே?" என்று கேட்டார். அப்பா நோட்டீஸை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பொய்க் கணக்கு எழுத மாட்டேன் என்று எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சொல்லிப் படித்திருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாகவும் பலமாகவும் ஒருவர் சொல்லிப் பார்த்ததில்லை.

அப்பா லேசில் விடுகிற ஆளில்லை. கமிட்டி அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று ஒரு வழி கண்டுபிடித்துச் சுருளிப்பட்டிக்குப் போனார். கருத்தக்கண்ணன் வணங்கி உட்கார வைத்து, மோர் கொடுத்து, அம்மன் கணக்கில் ஏறியது இறங்குகிற வழக்கம் ஊரில் இல்லையே அண்ணே, வேண்டுமானால் இந்த வருடமும் மைக்செட்டை உங்கள் பெயருக்கே போட்டுவிடவா என்று கேட்டு அனுப்பிவிட்டார். திருப்பிக் கொடுத்திருந்தாலும் அது இரண்டாவது அசைவாகக் கணக்கில் ஏறியிருக்கும் என்று ஆடிட்டர் பிறகு சொன்னார். ஆகக் கம்பெனியை இப்போது மூட முடியாது. முதலில் விழித்துக்கொண்டோம் என்று ஒரு படிவம், பிறகு ஒன்றும் செய்யாமல் இரண்டு முழு நிதியாண்டு, அதன் பிறகுதான் மூடலாம். தூங்காமலும் வேலை செய்யாமலும் இரண்டு வருடம் இருப்பது எப்படி என்று கேட்டேன். அரசாங்க ஆபீசுல இருந்தவுக நீங்களே கேட்டா எப்பிடிக்கா என்றார். ஸ்கூல் டீச்சர்களை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சொல்லி வைத்தேன்.

உனக்கு இருந்த ஒரே வழி, கம்பெனி இருக்கட்டும், நீ மட்டும் விலகிக்கொள்வது. அதிலும் ஒரு முடிச்சு. இரண்டு டைரக்டருக்குக் குறையக் கூடாது, அதனால் உன் இடத்துக்கு ஆள் வந்த பிறகுதான் நீ போகலாம். யாரைப் போடலாம் என்று அப்பா ஆடிட்டர் முன்னாலேயே யோசித்து, கருத்தக்கண்ணன் பெயரைச் சொன்னார். கருத்தக்கண்ணன் டைரக்டரானால் மறுநாளே அவர் பேத்தியின் காதுகுத்து ஃபிளெக்ஸில் அது வந்துவிடும், அதைப் படித்துவிட்டு யார் யார் என்னென்ன வரி கேட்டு வருவார்களோ தெரியாது என்றேன். பிறகு நானே இருக்கிறேன் என்று சொன்னேன். ஒனக்கு வீட்டு வேலையே ஏகப்பட்டது கெடக்கு என்றார் அப்பா, கரிசனமாக. ஆடிட்டர் மட்டும், அக்கா இருக்கட்டும்ணே, படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுற டைரக்டர் ஒருத்தராச்சும் இருக்கட்டும் என்றார். டிஜிட்டல் கையெழுத்து வாங்குவதற்கு நான் போன் முன்னால் உட்கார்ந்து என் பெயரைச் சொல்லி, திரையில் வந்த எண்களைச் சத்தமாகப் படித்து, கண்ணைச் சிமிட்டி, தலையை இடமும் வலமும் திருப்பிக் காட்டினேன். உன் அப்பா வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்தபோது ஒரு பாட்டோடு விட்டுவிட்டார்கள்.

நான் டைரக்டரானது சுலபமாக முடிந்தது. உன் ராஜினாமா மின்னஞ்சலில் வந்தது, அதைப் பதிவாளருக்கு அனுப்ப அப்பா தன் டிஜிட்டல் கையெழுத்துச் சாவியைப் போட்டு ஒப்புதல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. ஆடிட்டர் வரச் சொன்ன நாள் ராகு காலம் சரியில்லை என்றார் அப்பா. அடுத்த நாள் கரிநாள். அதற்கடுத்த இரண்டு நாள் அவருக்குச் சந்திராஷ்டமம். பிறகு அஷ்டமி. கல்யாணமான நாளிலிருந்து நம் வீட்டுத் தினசரிக் காலண்டரில் காஸ் சிலிண்டர் மாற்றிய தேதியை எழுதுவதைத் தவிர வேறெதற்கும் கிட்டே போகாதவர், திடீரென்று கண்ணாடி போட்டுக்கொண்டு அதன் முன்னால் நின்று படிக்க ஆரம்பித்தார். நீ இரண்டு தடவை போன் செய்து என்ன ஆயிற்று என்று கேட்டாய், சாப்பிட்டாயா, மழையா என்று கேட்டுவிட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். உன் குரலில் பயம் இருந்தது எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரியாமல் இல்லை. மறுநாள் காலையில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் என்னதான் உங்கள் கணக்கு என்று கேட்டேன். நிமிர்ந்து பார்க்காமலே, "பாப்பா பேரு போயிட்டா அது என்னத்தக் கம்பெனி. நீயும் நானும் ஒக்காந்து பேசுறது வீட்டுப் பேச்சுத்தான" என்றார். வேலையில் சேரப் போகிறது யார் என்பதையும் நீங்களே சொல்லுங்கள் என்றேன். எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு, நாளைக்கு நாள் எப்படி என்று கேட்டார். நான் காலண்டரைத் திரும்பிப் பார்க்காமல் ரொம்ப நல்ல நாள் என்றேன். அது நவமி. அவரும் போய்ப் பார்க்கவில்லை.

ஆடிட்டர் மாடியில் அப்பா அந்தச் சாவியை யாரிடமும் கொடுக்காமல் தானே கம்ப்யூட்டரில் செருகினார், தலைகீழாக. சரியாகச் செருகி, பட்டனை அழுத்துவதற்கு முன், பாப்பா பின்னாடி வந்தா மறுபடியும் சேத்துக்கிடலாமா தம்பி என்று கேட்டார். எப்ப வேணாலும் சேத்துக்கிடலாம்ணே, ஒரு ஃபாரம்தேன் என்றார் சுந்தரலிங்கம். அப்பச் சரி என்று அழுத்திவிட்டார். இறங்கி வந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடித்தோம். டீக்கு அங்கே தடையில்லை.

இந்தக் கவரில் இருப்பது: உன் ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட தீர்மானத்தின் நகல், அப்பா நீல மையில் கையெழுத்துப் போட்டு சீல் வைத்தது. பதிவாளருக்கு அனுப்பியதற்கான ரசீது. நீ விலகிய தேதியைக் காட்டும் தாள். மூன்றையும் மடிக்காமல் கொடு. ஒரு விஷயம் மறந்துவிடாதே, நீ டைரக்டர்தான் இல்லையே தவிர உன் பங்குகள் இன்னும் உன் பெயரில்தான் இருக்கின்றன. உன் அலுவலக விதியில் பங்கு வைத்திருப்பதற்கும் தடை உண்டா என்று சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடு, வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. தடை என்றால் பங்கை மாற்றுவதற்கு வேறு படிவம் இருக்கிறது, இல்லாமலா இருக்கும். இங்கே வருமான வரி ரிட்டர்னை அக்டோபருக்குள் நான் பார்த்துக்கொள்கிறேன். செக் புத்தகத்தை அப்பா கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றிவிட்டேன், எங்கே என்று இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன், ஒட்டும் முன் அவர் படிப்பார்.

மற்றபடி ஊர்ச் செய்தி. முல்லைப் பெரியாற்றில் முதல் போகத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டார்கள், கம்பம் ரோடு நெடுக நாற்றங்கால் பச்சையாக இருக்கிறது. திராட்சைக்குப் போன தடவையைவிட விலை பரவாயில்லை, ஆனால் காய் வெட்டுகிற வாரத்தில் மழை பெய்து பாதிப் பழம் வெடித்துவிட்டது, மீதியைக் கேரளா லாரிக்காரர் எடுத்துக்கொண்டார். மொக்கம்மாள் அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது தூரத்தில் வருகிறவர்களையும் பார்த்து ஏலே, இங்கன வா என்று கூப்பிட்டுக் குறை சொல்லுகிறாள். சுருளிப்பட்டித் திருவிழாவும் போன வாரம் நடந்தது. அப்பா தன் பெயரில், தன் கையிலிருந்து கொடுத்தார், எறும்பு வரிசையில் இருக்கிறார். மைக்செட் இந்த வருடம் தங்கப்பாண்டியன். சத்தம் போதவில்லை என்று அப்பா அபிப்பிராயப்படுகிறார்.

அங்கே ஆனி மாதம் குளிர்காலம் என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை, இருந்தாலும் கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. முதல் நாள் அலுவலகத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே போ. அடுத்தவர் செய்த ஸ்குவாஷைச் சோதிக்கும்போது பாட்டிலை முகத்துக்கு நேரே வைத்துத் திறக்காதே, நம் வீட்டில் அதற்கு அனுபவம் இருக்கிறது. எந்த ஊர்க் கமிட்டி எந்த நோட்டீஸோடு வந்தாலும் பெயரைக் கொடுக்கும் முன் எனக்கு ஒரு வார்த்தை சொல். நீ எடுத்த வேலை நல்லபடியாக அமைய வேண்டும், போகிற இடத்தில் நாலு பேர் மதிக்க இருக்க வேண்டும், நோய் நொடி அண்டக் கூடாது, எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. அம்மன் துணை இருப்பாள், அவளுக்கு நம் கம்பெனியைத் தெரியும்.

காகிதம் வந்து சேர்ந்ததும் தகவல் சொல். அடுத்த போர்டு மீட்டிங் நவம்பர் பதினெட்டாம் தேதி, காலை பதினொரு மணிக்கு. கோரத்துக்கு அப்பாவும் நானும் போதும், மூன்றாவது பொருளுக்குப் போதாது.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா,
ஹேமாவதி